முதல் வரியில் முதலாளி பேர்

கம்பெனி எனக்குத் தரவேண்டியது எட்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தாறு ரூபாய். ஆறு வாரம் கிடங்கில் மூட்டை இறக்கிய கூலி. அது வராமல் வாடகை நின்று, வீட்டுக்காரர் எங்கள் அறைக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விட்டார். வாசலில் போர்வை தொங்குகிறது. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் ஜன்னலும் போகும் என்று சொல்லியிருக்கிறார்.

முன்பு கேஷியரம்மா நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார். இப்போது முதலாளியின் மருமகன் வெப்சைட் ஒன்று செய்திருக்கிறார். ஆபீஸ் கணினியில் நம்பரைப் போட்டு உள்ளே நுழைய வேண்டும். நுழைந்தேன். "வணக்கம் நெட்டை" என்றது. கம்பெனியில் எனக்கு அதுதான் பேர். என்னை இவ்வளவு மரியாதையாக அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. 'சம்பளம்' என்பதை அமுக்கினேன்.

"நீங்கள் யார்?" என்றது.

"நான்தாம்மா," என்றேன் கேஷியரம்மாவிடம்.

"எனக்குத் தெரியுதுண்ணே. அதுக்குத் தெரியலையே."

"பதினோரு வருஷமா பாக்குறீங்க."

"பாத்த ஆளுக்கெல்லாம் பணம் கொடுக்க முடியுமா? ஸ்கிரீன்ல பேர் வரணும்."

மருமகன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பி.எச்.பி.ல எழுதினது இது. முதல் பக்கத்துல நுழைஞ்ச ஆளை அடுத்த பக்கம் ஞாபகம் வெச்சுக்கறதுக்குப் பேரு செஷன். சம்பளப் பக்கம் இன்னொரு ஃபைலை உள்ள இழுக்குது. அந்த ஃபைல்தான் செஷனைத் திறக்கணும். திறக்கிற வரிக்கு முன்னால ஒரு எழுத்துகூட வெளிய போகக் கூடாது, போனா திறக்காது. நூறு தடவை பாத்துட்டேன். ஒண்ணுமில்ல."

நான் எழுத்துப் படித்தது நாற்பத்து மூன்று வயதில். ஓடிப் படிக்க வராது. உச்சியிலிருந்து விரல் வைத்து, ஒன்றையும் தாண்டாமல்தான் படிப்பேன். ஸ்கிரீனில் அவர் திறந்து வைத்திருந்த சம்பளப் பக்கத்தின் வரிகளில் விரலை வைத்தேன். முதல் வரியில் முதலாளியின் பேர், பிறகு கம்பெனி பேர், 'அண்ட் சன்ஸ்' வரைக்கும். அந்த இன்னொரு ஃபைலை இழுக்கிற வரி அதற்குக் கீழேதான்.

"இதெல்லாம் எழுத்துல சேராதா சார்?"

மருமகன் ஸ்கிரீன் பக்கம் குனிந்தார். எங்கள் கம்பெனியில் எந்தத் தாளானாலும் தலையில் முதலாளி பேர் இருக்க வேண்டும். லாரி சீட்டு, லீவு லெட்டர், கழிப்பறைச் சாவியின் அட்டை எல்லாவற்றிலும் இருக்கும். பார்த்துப் பார்த்து அது இப்போது யார் கண்ணிலும் படுவதில்லை.

"எடுத்துடுங்க சார்."

"எடுத்தா மாமா என்னை எடுத்துடுவார்."

"அப்ப ஒரு வரி கீழ இறக்குங்க."

அதற்கும் உத்தரவு வேண்டுமாம். முதலாளியே வந்துவிட்டார்.

"எம்பேருக்கு மேல யாரு வர்றது?"

"செஷன் ஸ்டார்ட், மாமா."

"யாருய்யா அவன்? நேத்து வந்தவனா? சம்பளம் வேற கொடுக்குறோமா அவனுக்கு?"

"ஆளில்ல மாமா, அது கட்டளை."

"இங்க கட்டளை போடுறது நான்!"

நான் மெதுவாகச் சொன்னேன். "ஐயா, உங்க நம்பரைப் போட்டு ஒருதடவை நீங்களே நுழைஞ்சு பாருங்க."

நுழைந்தார். "வணக்கம் முதலாளி" என்றது. மீசையைத் தடவிக்கொண்டு அடுத்ததை அமுக்கினார்.

"நீங்கள் யார்?"

முதலாளி ஸ்கிரீனை இன்னும் கிட்டே இழுத்தார்.

"என்னையா கேக்குது?"

"எல்லாரையும் கேக்குதுங்கய்யா."

"நானும் இவனும் ஒண்ணா அதுக்கு?" எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "அந்த ஸ்டார்ட்டுப் பயலை மேல போடு. ஆனா அவனுக்கு அடுத்தது நான்தான். நடுவுல எவனும் வரக் கூடாது."

இரண்டு வரி இடம் மாறின. நான் நுழைந்தேன், அமுக்கினேன். என் பேரும் தொகையும் வந்து நின்றன. கேஷியரம்மா எட்டாயிரத்து அறுநூற்று நாற்பதை எண்ணி வைத்துவிட்டு டிராயரைக் கிண்டினார்.

"ஆறு ரூபா சில்லறை இல்லண்ணே. நாளைக்கு ஒருதடவை உள்ள நுழைஞ்சு வாங்கிக்கிறீங்களா?"

"தாயே, அந்த ஆறை நான் தள்ளுபடி பண்ணிட்டேன்," என்று சொல்லிப் பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினேன்.