எண்பத்து நாலில் நின்ற முள்

என் உடம்பிலிருந்து பன்னிரண்டு கிலோ இறங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அடுத்த நாலு கிலோ இறங்க மறுத்தபோது அதே வாயால் என்னைச் சோற்றுத் திருடி என்றார்கள். அதுவும் யார் வீட்டுச் சோறு? என் வீட்டுச் சோறு. நான் சம்பாதித்து, நான் வடித்து, நான் தொடாமல் மூடி வைத்த சோறு.

என் அண்ணன் ஜெபக்குமாருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. செங்கல்பட்டில் ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன், முகமும் காலும் வீங்கி, வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் படுக்கையில் போய்ப் படுக்கிறவனாகிவிட்டான். எங்கள் அம்மா சந்திரம்மாவுக்குச் சர்க்கரை, அவளால் கொடுக்க முடியாது. அண்ணி அம்சாவுக்கு ரத்த குரூப் சேரவில்லை. எனக்கு எல்லாம் சேர்ந்தது, என் உடம்பைத் தவிர. எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்துச் சென்னைக்குப் போனோம். அங்கே டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தொண்ணூத்தாறு கிலோவோட உங்களை ஆபரேஷனுக்கு எடுத்தா உங்க உயிருக்கே ஆபத்தும்மா. எண்பதுக்கு இறங்கி வாங்க, அன்னிக்கே தேதி குறிக்கிறேன்" என்றார்.

சுனாமி வந்துபோன அடுத்த வருடம் அது. என் புருஷன் ஞானதாஸ் அணுமின் பிளாண்டில் டெக்னீஷியன், நான் அங்கேயே கேன்டீனில் வேலை. அணுபுரத்தில் குவார்ட்டர்ஸ். விடியலில் எழுந்து டவுன்ஷிப்பைச் சுற்றி நடப்பேன். வெந்தயத் தண்ணீர், உப்பில்லாத கேழ்வரகுக் கூழ், வெள்ளரிக்காய், ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்களே, அந்தக் கொள்ளை வேகவைத்து வேகவைத்து என் சமையலறையே குதிரை லாயம் மாதிரி நாறியது. கேன்டீனில் சாம்பாருக்கு உப்புப் பார்ப்பது என் பொறுப்பு. நாக்கில் விட்டுவிட்டு வாஷ்பேசினில் துப்பினேன். ஐந்நூறு பேருக்கு வடை எண்ணி எண்ணிப் போட்டுவிட்டு வெள்ளரிக்காய் கடிக்கிற வயிற்றெரிச்சல் இருக்கிறதே, அதை என் எதிரிக்குக்கூட நான் வேண்ட மாட்டேன்.

சனிக்கிழமை தோறும் அண்ணனோடு செங்கல்பட்டு டயாலிசிஸ் சென்டருக்குப் போவேன். அங்கே பெரிய முள் வைத்த எடை மெஷின் ஒன்று இருந்தது. முதலில் அவன் ஏறுவான். அவனுக்குத் தண்ணீர் அளவுதான், ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கி எடையில் தெரிந்துவிடும்.

நர்ஸ் ஷபானா முள்ளைப் பார்த்ததும் கத்துவாள். "இன்னாண்ணே, ரெண்டு நாள்ல மூணு கிலோ ஏறிகீது! தண்ணி குடிச்சீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. உன் மெஷின்தான் பேஜாரு பண்ணுது" என்பான்.

அடுத்து நான் ஏறுவேன். "உனுக்குச் சோறு கெடையாது, எனுக்குத் தண்ணி கெடையாது. நைனா நமக்கு நல்லா சொத்து பிரிச்சிக் குட்த்துட்டுப் போயிகீறாரு பாப்பா" என்று சிரிப்பான். என்னைவிட ஏழு வயது பெரியவன். எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அவனுக்கு நான் பாப்பாதான்.

தொண்ணூறு, எண்பத்தெட்டு, எண்பத்தாறு என்று முள் மளமளவென்று இறங்கியது. எண்பத்து நாலுக்கு வந்தது. நின்றுவிட்டது.

அடுத்த வாரமும் எண்பத்து நாலு. அதற்கடுத்த வாரமும். சப்பாத்தியை ஒன்றாக்கினேன், நடையை இரண்டு வேளையாக்கினேன். எண்பத்து நாலு. தாலிச் செயினைக் கழற்றி அண்ணி கையில் கொடுத்துவிட்டு ஏறினேன். எண்பத்து நாலு. கட்டையில் போகிற உடம்பு, சேற்றில் படுத்த எருமை மாதிரி அசைய மாட்டேன் என்றது. சென்னை டாக்டரிடம் போய் அழுதேன். "சில பேருக்கு இப்படி நின்னுதான் இறங்கும்மா. குறைச்சுச் சாப்பிடறதுக்கு உடம்பு பழகிடும். பட்டினி கிடக்காதீங்க, பொறுமையா இருங்க" என்றார்.

நான் பொறுமையாக இருக்கலாம். அண்ணன் உடம்பு எத்தனை நாள் பொறுக்கும்?

டாக்டர் சொன்னதை வந்து சொன்னதற்கு அண்ணி, "உன் மனசு நோவக்கூடாதுன்னு அவுரு அப்டி சொல்லிகீறாரு" என்றாள். அந்த வாரம் சபையில் பெண்கள் கூடி உபவாச ஜெபம் வைத்தார்கள், என் எடை இறங்குவதற்காக! காலையிலிருந்து பட்டினி இருந்து, மூன்று மணிக்கு ஜெபம் முடித்து, எலுமிச்சம் சாதமும் டீயும் சாப்பிடுவார்கள். நான் நடுவில் முழங்காலில் நின்றேன். ஆளாளுக்கு என் தலையில் கை வைத்து என் தொடையையும் இடுப்பையும் ஆண்டவரிடம் எடுத்துச் சொன்னார்கள். அண்ணியின் முறை வந்தது. "குடுக்கறேன்னு வாயால சொல்லிட்டு கையை மூடிக்கிற மனசை ஒடைச்சிப் போடும் ஆண்டவரே!" என்று கதறினாள்.

எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. எல்லோரையும் விடச் சத்தமாக நான்தான் ஆமென் சொன்னேன். பிறகு எலுமிச்சம் சாதம் வந்தது. என் தட்டை மட்டும் எல்லோரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தித் தீர்த்தேன். "நீயாச்சும் சொல்லேம்மா, நான் பட்டினி கெடக்கறன்னு!"

அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே என் கழுத்துக்குக் கீழே பார்த்தாள். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவள் அவள், வேலையில்லாத மாதங்களில் புளியங்கொட்டையை வறுத்துத் தின்றவள். "பட்டினி கெடந்தா எலும்பு தெரியும்டி. நாங்க கெடந்துகீறோம். எங்களுக்குத் தெரியாதா?" என்றாள். பசி விஷயத்தில் அவள் ஹைகோர்ட். தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

ஞானதாஸ் மட்டும், "நீ சாப்பிடலன்னு எனக்குத் தெரியும்லா. ஒரு வீட்ல இருக்கவனுக்குத் தெரியாதா?" என்றார். திருநெல்வேலிக்காரர், நேர்மையான மனுஷன். ஆனால் புருஷன்காரன் சாட்சி எந்தச் சபையில் செல்லும்? அவர்தான் என் கிட்னியைக் காப்பாற்ற எனக்கு ஊட்டிவிடுகிறார் என்றுகூட ஒரு பேச்சு ஓடியது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

டாக்டர் பேச்சை மீறிச் சப்பாத்தியையும் நிறுத்தினேன். ஒரு காலை, கேன்டீனில் இட்லிப் பானையைத் திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது, அப்படியே சரிந்தேன். கூட வேலை செய்கிற வேண்டா அக்கா என்னை மடியில் கிடத்தி, வாயில் குளுக்கோஸ் தண்ணீரை ஊற்றினாள். பட்டினியால் விழுந்தேன் என்பதை இனியாவது நம்புவார்கள் என்று மயக்கத்திலும் ஒரு சந்தோஷம். சாயங்காலமே அண்ணி போன் செய்தாள்.

"ஏம்மா, குளுக்கோஸ் குட்ச்சியாமே? அது முச்சூடும் சக்கரையாச்சே!"

அந்தச் சனிக்கிழமையும் எண்பத்து நாலு. ஷபானா முள்ளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் எப்போதும் போல் கேலி பேசவில்லை. டயாலிசிஸ் முடிந்ததும், "காத்தோட்டமா கடற்கரைக்குப் போலாம் வா பாப்பா" என்றான். மாமல்லபுரம் பஸ் ஏறினோம்.

கடற்கரையில் படகு நிழலில் என்னை உட்கார வைத்துவிட்டு எழுந்து போனான். திரும்பி வந்தபோது கையில் வறுத்த வஞ்சிரம் ஒரு துண்டு, எண்ணெய் வடிகிற பேப்பரில்.

"துன்னு" என்றான்.

"இன்னாண்ணா இது?"

"யாரும் பாக்கல, துன்னு." என் பக்கத்தில் உட்கார்ந்தான். "நான் உன்கிட்ட ஒண்ணு சொல்றன், அண்ணிகிட்ட சொல்லாத. நான் தண்ணி குடிக்கிறன் பாப்பா. பாத்ரூம்ல போயி பைப்பைத் தொறந்து குடிச்சிட்டு, வாயத் தொடச்சிக்கினு வெளியே வந்து, இல்லன்னு சத்தியம் பண்றன். தாகம் உயிரு போவுது. பசியும் அப்டித்தான கீது? நீ துன்னா துன்னேன்னு சொல்லு. எனுக்குக் கோவமே இல்ல."

ஊர் சொன்னதை எல்லாம் தாங்கினேன். இதைத் தாங்க முடியவில்லை.

"நான் துன்னலண்ணா. என் புள்ளைங்க மேல சத்தியமா துன்னல!"

"செரி செரி" என்றான், அழுகிற குழந்தையிடம் சொல்கிற மாதிரி. "மெஷின் பொய் சொல்லாது பாப்பா. எனுக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்ல."

மீனைத் தூக்கி எறிந்தேன். நாய் ஒன்று வந்து கவ்விக்கொண்டு போயிற்று. "ஒடம்பு எளைச்சிச்சோ இல்லியோ, உன் கோவம் எளைக்கல" என்று சிரித்தான். சிரிப்பில் அவனுக்கு மூச்சு வாங்கியது. அதற்குப் பிறகு நான் அவனோடு அங்கே வாதாடவில்லை. எண்பதுக்கு இறங்கிக் காட்டினால் அவனே நம்பிவிடுவான் என்று நினைத்தேன்.

கத்திரி வெயிலில் அவன் போய்ச் சேர்ந்தான். நெஞ்செல்லாம் தண்ணீர் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஆட்டோவிலேயே மூச்சு நின்றுவிட்டது. அண்ணி மாரில் அடித்துக்கொண்டு அழுதபோது நான் கட்டிப்பிடிக்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

அதன்பிறகு நான் எடையை நினைக்கவே இல்லை. யாருக்காக நினைக்க? சோறு போட்டால் சோறு தின்றேன். குழம்பு ஊற்றினால் பிசைந்தேன். கேன்டீனில் சாம்பாரைத் துப்பாமல் விழுங்கினேன். வேண்டா அக்கா வடை கொடுத்தால் அதையும் வாங்கித் தின்றேன். ரவிக்கை தொளதொளத்ததைக்கூட ஞானதாஸ்தான் கவனித்துச் சொன்னார்.

நினைவு ஜெபத்துக்கு முன்தினம் அண்ணியும் நானும் டயாலிசிஸ் சென்டருக்குப் போனோம். அண்ணனின் லுங்கியும் போர்வையும் இருந்த பை அங்கேயே கிடந்தது. ஷபானா உள்ளே போய் எடுத்து வந்தாள். அவள் வருவதற்குள், பழக்க தோஷம், நான் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறி நின்றிருந்தேன்.

"ஐயோ, எறங்கிடிச்சுக்கா! எழுபத்தெட்டு!" என்று ஷபானா கத்தியேவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த நொடி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணி கிட்டே வந்து முள்ளைக் குனிந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"அவுரு போனப்புறம் எப்டி எறங்கிச்சு?"

"தெரியல அண்ணி. அப்பதான் பட்டினி கெடந்தன். இப்ப துன்னுகினு கீறன்."

சத்தியமான வார்த்தை. சொல்லி முடித்ததும் எனக்கே அது பச்சைப் பொய்யாகக் கேட்டது.

அண்ணி கத்தவில்லை, கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். "உன்ன ஒரு வார்த்தை பேச வுட மாட்டாரு அவுரு" என்றாள். "'பசி தாங்காம துன்னுட்டுப் போவுது, வுடு, அது கொழந்த'ன்னுதான் சாவுற வரிக்கும் சொல்லிக்கினு இருந்தாரு."

பாவி மனுஷன். செய்யாத குற்றத்துக்கு என்னை மன்னித்துவிட்டுச் செத்திருக்கிறான். இனி எந்த மெஷினில் ஏறி நான் அவனுக்குக் காட்டுவது?

இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டேன். ஷபானாவின் கையிலிருந்து பையை வாங்கினேன். அண்ணி அதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.