வளையத்தில் எட்டுக் குண்டு

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். கெமிஸ்ட்ரி டீச்சருக்கு அன்று ஆத்திரமும் பொங்கியது, புத்தியும் தெளிவாகவே இருந்தது. கார்பன் அணுவைப் படம் வரையச் சொன்னால், வகுப்பில் பாதிப் பேர் வெளிவட்டத்தில் எட்டு எலக்ட்ரான் போட்டிருந்தார்கள். உள்ளே இரண்டு, வெளியே நாலு, ஆக மொத்தம் ஆறு என்று அவள் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். பள்ளி வாசல் வளைவின் மேல் பளபளவென்று நின்றது ஓர் இரும்புக் கார்பன். நடுவில் ஆறு புரோட்டான், ஆறு நியூட்ரான், உள்வட்டத்தில் இரண்டு எலக்ட்ரான், எல்லாம் சரிதான். வெளிவட்டத்தில் மட்டும் எட்டு நீலக் குண்டுகள். பள்ளியை நடத்துகிறவர் அவளுடைய சொந்த அண்ணன். நாலு மட்டும் வைத்தால் வளையம் மொட்டையாகத் தெரிகிறது என்று இன்னும் நாலை மாட்டச் சொன்னவர் அவர்தான். மாட்டிய அன்றே அது தப்பு என்று அவள் சொன்னாள். அப்புறம் பார்க்கலாம் என்றார், பார்க்கவே இல்லை. பொதுத்தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

திருத்த எடுத்த அடுத்த தாள் அண்ணன் மகளுடையது. நாலு புள்ளிகள் இடைவெளி விட்டு அழகாக இருந்தன. அவற்றுக்கு நடுவே இன்னும் நாலு, பென்சில் முனை அழுந்திக் குழி விழும்படி அவசரமாகப் போட்டவை. டீச்சர் அவளைக் கூப்பிட்டாள்.

"முதல்ல சரியாத்தானேடி போட்டே?"

"ஆமா அத்தை. ஜன்னல் வழியா வாசலைப் பாத்தேன், எட்டு இருந்துச்சு. அப்பா வச்சது தப்பா இருக்குமா? நான்தான் மறந்துட்டேன்னு நெனச்சேன்."

டீச்சருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்த பிள்ளையைத் தெரியாதவளாக்கி வைத்திருக்கிறாரே இந்த மனிதர்! தாளோடு அண்ணன் அறைக்குப் போனாள்.

அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நம்ம வீட்டுப் பொண்ணுதானே, மார்க்கைப் போட்டு விடு."

"பொதுத்தேர்வுல தாள் திருத்தப் போறது அவ அத்தை இல்ல, சார்."

"ஒரு கேள்விக்கா இந்தக் குதி குதிக்கிறே? ஆண்டுவிழா முடியட்டும், கழட்டிடலாம். பாக்க எவ்வளவு லட்சணமா இருக்கு!"

"லட்சணம் வேணும்னா பூந்தொட்டி வை அண்ணா! அணுவுல கை வைக்காதே!"

பள்ளிக்குள் அவரை அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மரியாதையும் அதோடு போயிற்று. அவள் நேரே போய் ஏணியையும் ஸ்பேனரையும் எடுத்துவந்து வளைவில் ஏறினாள். அண்ணன் மகள் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இடைவேளை மணி அடித்து, பள்ளியே கூடிவிட்டது. அண்ணனும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

"இறங்குடி! பிள்ளைங்க எல்லாம் பாக்குதுங்க, மானம் போகுது!"

"பாக்கட்டும்! நல்லா எண்ணியும் பாக்கட்டும்!"

பெயின்ட் பிடித்த நட்டுகள் முரண்டு பண்ணின. விரலில் தோல் உரிந்தது. ஆளில்லாத பக்கமாக ஒவ்வொரு குண்டாக எறிந்தாள். நாலாவது உருண்டு வந்து அண்ணனின் செருப்பில் முட்டி நின்றது. டீச்சர் கீழே இறங்கினாள், கோபம் இறங்கவில்லை.

"நீயும் சேர்ந்துகிட்டியா?" என்று அவர் மகள் மேல் பாய்ந்தார். "உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு முதல்லயே தெரியும்ப்பா. உங்களை நம்பித்தான் மாத்தினேன்."

அவர் குனிந்து குண்டை எடுத்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.