இழுக்கும் பேச்சு

மூன்று வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்த என் மகன், செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் என்று முடிவு கட்டிவிட்டான்.

அவர் அப்படி ஒன்றும் பேசிவிடவில்லை. வாப்பா, வழியில் சாப்பிட்டாயா என்று கேட்டார். மகன் என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"அப்பா பேச்சு இழுக்குதும்மா. உனக்குத் தெரியலையா?"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இவரோடு முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். மனுஷர் வாயைத் திறந்தால், நான் போய்ப் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு வந்து மிச்சத்தைக் கேட்கலாம். அதைச் சொன்னேன். கூடவே இருப்பவர்களுக்கு மாற்றம் தெரியாதாம். ஃபோனில் படித்திருக்கிறான்.

இவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். மறுநாள் காலையில் மகன் வேன் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். குழந்தைகள் ஏறுகிற வண்டி, விளையாட்டில்லை என்றான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் அவனே போட்டான். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. மத்தியானத்துக்குள் பாதிப் பேர் வேறு வேன் பார்த்துவிட்டார்கள். இவர் வாசலில் நின்ற வேனைக் கழுவினார். கழுவி முடித்து மறுபடியும் கழுவினார். மனசு விட்டுப்போனதில் யாரோடும் பேசவில்லை.

"பாத்தியா, இன்னிக்குப் பேச்சே வரல" என்றான் மகன்.

மகன் கூட்டிக்கொண்டு போன இடத்தில் நரம்பு டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். எல்லாம் சுத்தம். முன்பு எப்படிப் பேசுவார், பழைய குரல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லாமலா? வீடியோ காலில் நான்தான் பேசுவேன்; இவர் முகத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். ஆனால் தினமும் சாயங்காலம் வேனில் தனியாக உட்கார்ந்து மகனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிடுவார். மகன் ஒன்றைப் போட்டான். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி ஒரு குரல் கடகடவென்று பேசியது.

"யாருடா இது?" என்றேன்.

டாக்டரம்மா ஃபோனை வாங்கிப் பார்த்தார்.

"ரெண்டு மடங்கு வேகத்துல வச்சிருக்கீங்களே, தம்பி."

திரையில் எதையோ தொட்டார். இவருடைய குரல் வந்தது. வேனுக்கு அடியில் நாய் குட்டி போட்டிருந்ததாம். குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாராம். யாரும் நிறுத்தவில்லை. இவர் தன் குரலைத் தானே கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆபீஸில் எல்லாருமே இப்படித்தான் கேட்பார்கள், நேரம் மிச்சமாகும் என்றான் மகன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்த அப்பன் பேச்சுல என்னடா மிச்சம் பிடிக்கிற?"

விடு என்று இவர் என்னை அடக்கினார். மகனிடம் கையை நீட்டினார். அவன் சாவியைக் கொடுத்தான். குரூப்பிலும் அவனே மறுப்புப் போட்டான். இரண்டு வீட்டுப் பிள்ளைகளைத் தவிர மற்றவர்கள் திரும்பி வந்தார்கள்.

லீவு முடிந்து மகன் கிளம்பிப் போனான். அடுத்த நாள் சாயங்காலம் டீ கொடுக்க வேனுக்குப் போனேன். இவர் ஃபோனை வாயருகே பிடித்திருந்தார்.

"வண்...டி... இன்...னிக்...கு... நல்...லா... ஓ...டுச்...சு..."

பிள்ளை சொன்னது பலித்தேவிட்டது என்று டீயைச் சிந்திவிட்டேன். என்ன ஆச்சு என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் ஃபோனிலிருந்து விரலை எடுத்தார்.

"ஒண்ணும் ஆகல. அவனுக்கு நேரம் இல்ல, வேகமாத்தான் கேப்பான். கேக்கும்போது என் குரலாவே இருக்கட்டுமேன்னு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை மகனைக் கேட்க வேண்டும் என்றிருந்தது. அழுகைதான் வந்தது. அவர் மறுபடியும் விரலை வைத்தார்.

"அம்...மா... பக்...கத்...துல..."

அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று அவர் சொல்லி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன்.