முத்திரை குத்த நான் தங்கமா?

கல்யாணமான மறுநாள் காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது, நாத்தனார் படுக்கை விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா தேடுறீங்க?"

"ஒரு சொட்டுகூட இல்லையே."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எட்டு வருடமாக வேலை; தினமும் இருநூறு விரிப்புகள் அவள் கை வழியாகத்தான் போகும். "கறை இல்லைன்னா நல்லதுதானே, துவைக்கிற வேலை மிச்சம்," என்றாள். நாத்தனார் சிரிக்கவில்லை. கணவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெற்றோர் இல்லாத அவனுக்கு அக்கா வைத்ததுதான் சட்டம்.

பதினோரு மணிக்கு மூவரும் ஒரு பெண் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"சோதிச்சுப் பார்த்து ஒரு பேப்பர் குடுங்க டாக்டர்," என்றாள் நாத்தனார்.

"அப்படி ஒரு சோதனையே கிடையாதும்மா. கன்னிச்சவ்வு சீல் வச்ச மூடி இல்ல. ஓரமா இருக்கிற மெல்லிசான மடிப்பு, ஆளுக்கு ஆள் வேற மாதிரி. முதல் தடவை நிறைய பேருக்கு ரத்தமே வராது. அதைப் பார்த்து யாராலயும் எதுவும் சொல்ல முடியாது."

"சரி, இவ நல்ல பொண்ணுன்னாவது எழுதிக் குடுங்களேன்."

எழுதட்டுமா என்பதுபோல டாக்டர் அவளைப் பார்த்தாள். எழுதினால் அன்றோடு தொல்லை விட்டது.

"வேண்டாம் டாக்டர். உரசிப் பார்த்து முத்திரை குத்த நான் என்ன தங்கமா?" கணவன் பக்கம் திரும்பினாள். "உங்களை யாராவது வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தாங்களா?"

அவன் காது சிவந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் எழுந்து நேராக வேலைக்குப் போனாள். கூட வேலை செய்பவளின் அறையில் தங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் நாத்தனார் தனியாகச் சலவைக்கூடத்துக்கு வந்தாள். இயந்திரங்களின் இரைச்சலில் அவள் சொன்னது பாதிதான் கேட்டது.

"சத்தமா சொல்லுங்க."

"எனக்கும் அன்னிக்கு ரத்தம் வரலை! பிளேடால கால்விரலைக் கீறி விரிப்புல தடவிட்டேன். பதினேழு வருஷமா யார்கிட்டயும் சொல்லலை."

அவளுக்கு இரக்கம் வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

"அப்படியிருந்துமா என்னை டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனீங்க?"

நாத்தனார் அழுதாள். அழுபவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் கணவன் வந்தான். "நான் அன்னிக்கு வாயை மூடிட்டு நின்னது தப்பு. அக்காகிட்டயே அதைச் சொல்லிட்டேன். வீட்டுக்கு வா."

"வர்றேன். எனக்கு எப்போ தோணுதோ, அப்போ," என்றாள்.

தோன்றுவதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. அவள் போனபோது நாத்தனார் தன் மகளை அருகில் உட்காரவைத்து, டாக்டர் சொன்னதைத் தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.