மையால் தைத்த ஜாக்கெட்

அரியலூர் போகிற பஸ்ஸில் வேம்புவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் மஞ்சள் பை, பைக்குள் ஒரு படக்கதைப் புத்தகம். புத்தகத்துக்கு வாடாமல்லி நிறத்தில் துணி உறை. தாலுகா ஆபீஸ் கிளார்க் வீட்டு அம்மாவுக்கு ஜாக்கெட் தைத்ததில் மிஞ்சிய துண்டு அது. வேம்புவின் தகரப் பெட்டியில் இருக்கிற புத்தகம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஓர் உறை உண்டு. எந்த உறை யார் வீட்டுத் துணி என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அறை, அதில் ஒரு தையல் மிஷின், ஓர் ஆள். அப்பா இருந்தவரை இரண்டு பேராக இருந்தார்கள். வேப்பந்தட்டையில் இருக்கிற அண்ணன் பொங்கலுக்கு வந்து, எங்களோடு வந்து இரு என்று கூப்பிடுவார். மிஷின் வைக்க அங்கே இடம் இல்லை என்பாள். அது பொய்யில்லை. அண்ணியின் முகத்திலும் இடம் இல்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவாள்.

ஜாக்கெட் வெட்டுவதற்கு முன்னால் அளவைப் பழைய பேப்பரில் வெட்டிப் பார்த்துக்கொள்வது தையல்காரர்கள் வழக்கம். அதற்காக நடராசன் கடையில் பழைய பேப்பர் எடை போட்டு வாங்குவாள். அப்படி வாங்கிய கட்டு ஒன்றில்தான், வருஷங்களுக்கு முன்னால், முதல் படக்கதைப் புத்தகம் வந்தது. கத்திரி வைக்கப் போன கை நின்றுவிட்டது. பக்கம் முழுக்கப் பனி. குதிரைமேல் ஒருவன். அவனுக்குப் பின்னால் சுருட்டை முடியோடு ஒரு வெள்ளைக்காரி நிற்கிறாள். அவள் போட்டிருந்தது நம் ஊர் ஜாக்கெட்.

வேம்பு அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். படத்தின் மற்ற கோடுகளெல்லாம் முடிபோல மெல்லிசு. ஜாக்கெட்டின் கோடு மட்டும் தடித்திருந்தது. வெளிநாட்டுப் படக்கதையைத் தமிழில் போட்ட புத்தகம் அது. அங்கே வரைந்த படத்தில் தோளும் மார்பும் திறந்த உடையாக இருந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பையன்கள் வாங்குகிற புத்தகமாயிற்றே என்று யாரோ அதன்மேல் கறுப்பு மையால் முழங்கைவரை கை வைத்து, கழுத்தை மூடி, ஒரு ஜாக்கெட்டைப் போட்டிருக்கிறார்கள். பனியில் நிற்கிற ஒருத்தியைப் பார்த்து மனசு கேட்காமல் போர்த்திவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

அதன்பிறகு மாதாமாதம் வருகிற புதுப் புத்தகத்தைக் கடையிலேயே வாங்க ஆரம்பித்தாள். விட்டுப்போன பழைய புத்தகங்களை நடராசன் எடுத்து வைத்துக் கொடுப்பார். பக்கத்து வீட்டு ஆண்டாயி ஒருநாள் பெட்டி திறந்திருக்கிறபோது எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஏண்டி வேம்பு, பொட்டி நெறைய பட்டுச் சேலை வச்சிருக்கன்னுல்ல நெனச்சேன். புள்ளைங்க பாக்குற பொம்மப் பொஸ்தகமாடி இது?"

"பட்டுச் சேலைன்னா நீ எரவல் கேப்ப. இத எவ கேக்கப் போறா?"

கதையும் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் முதலில் தேடுவது ஜாக்கெட்டைத்தான். அதில் ஒரு குறை இருந்தது. கையும் உடம்பும் ஒரே துணியாக, தையல் கோடே இல்லாமல் இருந்தன. அப்படித் தைத்தால் கையைத் தூக்க முடியுமா? பொறுத்துப் பார்த்துவிட்டு, 'ஜாக்கெட் போடுகிறவருக்கு' என்று ஒரு கார்டு எழுதிப் புத்தக ஆபீசுக்குப் போட்டாள். கொஞ்ச நாள் கழித்து வந்த புத்தகத்தில், தோளில் கை சேருகிற இடத்தில் ஒரு கோடு இருந்தது. வேம்பு மிஷினை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்து இறுக்கமாக இருக்கிறது என்று இன்னொரு கார்டு போட்டாள். சில மாதங்களில் கழுத்தும் விரலளவு இறங்கியது. இறக்கு, ஏற்று என்று பெரம்பலூரே அவளிடம் சொல்லும். அவள் சொல்லி ஒருவர் இறக்கியது அதுதான் முதல் தடவை.

போன மாதப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அறிவிப்பு வந்திருந்தது. அரியலூரில் வாசகர் சந்திப்பு. ஆசிரியரும் ஓவியர்களும் வருகிறார்கள். கையெழுத்து வேண்டுவோர் புத்தகத்துடன் வரலாம். 'ஓவியர்கள்' என்று போட்டிருந்ததால் ஜாக்கெட் போடுகிறவரும் இருப்பார் என்று வேம்பு நினைத்தாள். தனக்கென்று புதுசாக ஒரு ஜாக்கெட் தைத்துக்கொண்டாள். காலேஜ் பெண்கள் கேட்கிற, தோளில் உப்பி நிற்கிற பஃப் கை. அவள் வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான். அவர் பார்த்தால் கார்டு போட்டது யார் என்று தெரிந்துகொள்வார் என்று ஓர் எண்ணம்.

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கல்யாண மண்டபம். வாசல் வேப்பமரத்து இலையெல்லாம் சிமெண்டுத் தூசு. உள்ளே பாயில் புத்தகங்களைப் பரப்பி, இருப்பதைக் கொடுத்து இல்லாததை மாற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் பையன்கள், வேலைக்குப் போகிற இளவட்டங்கள். வாசலில் நின்றவர் அவளைப் பார்த்து, "பையனத் தேடி வந்தீங்களாம்மா? உள்ளதான் இருப்பான், போய்ப் பாருங்க" என்றார். வேம்பு பையை இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மேடையில் ஆசிரியரும் அட்டைப்படம் வரைகிறவரும் உட்கார்ந்திருந்தார்கள். வரிசை நகர்ந்து அவள் முறை வந்தபோது ஓவியர் கையை நீட்டினார். அவள் புத்தகத்தைக் கொடுக்கவில்லை.

"பொம்பளைங்களுக்கு ஜாக்கெட் போடறவரு வரலீங்களா?"

ஓவியர் சிரித்துவிட்டார். ஆசிரியர்தான் புரிந்துகொண்டு, "நம்ம கொளஞ்சியப்பனைக் கேக்குறாங்க. பின்னால பார்சல் பிரிச்சிட்டிருப்பான், பாருங்கம்மா" என்றார்.

பின்கட்டில், கை கழுவுகிற தொட்டி ஓரமாக, ஒருவர் பிளேடால் புத்தகக் கட்டின் சணலை அறுத்துக்கொண்டிருந்தார். முன்வழுக்கை, விரல் நகமெல்லாம் மைக்கறை.

"நீங்கதான் படத்துல ஜாக்கெட் போடறதுங்களா?"

அவர் பிளேடைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "ஏம்மா, எந்தப் பக்கத்துலயாவது விட்டுட்டேனா?"

"இல்லீங்க. நல்லாருக்குது. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

கொளஞ்சியப்பன் அவளையும் அவளுக்குப் பின்னாலும் பார்த்தார். யாராவது விளையாட்டுக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"பெரம்பலூர்லேருந்து கார்டு போட்டேங்க. பாத்தீங்கதானே?"

"கார்டெல்லாம் ஆபீஸ்லயே பாத்துக்குவாங்கம்மா. எங்கிட்ட எதுவும் வராது."

"மொதல்ல கை சேர்ற எடத்துல கோடு இருக்காது. அப்பறம் வந்துச்சுங்களே."

"அதக் கவனிச்சீங்களா?" அவர் முகம் விரிந்தது. "அப்பத்தாம்மா எனக்குக் கல்யாணம் ஆச்சு. அதுவரைக்கும் சும்மா மையை அப்பிவிடறதுதான். வீட்ல அது வந்தப்பறம் அதைப் பாத்துத்தான் போடறேன். கையைத் தூக்கும்பேன், திரும்பும்பேன். சோறு வடிக்கவா, உம்ம படத்துக்கு நிக்கவான்னு ஏசும்."

"கழுத்து?"

"வேர்க்குதுன்னு இறக்கித் தச்சுக்கிச்சு. நானும் இறக்கிட்டேன்."

வெளியே ரயில் ஒன்று போனது. இத்தனை வருஷமும் வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்தது எங்கோ ஓர் ஊரில் ஒருத்தி போட்டுக்கொண்ட ஜாக்கெட். அந்த ஊர்த் தையல்காரி யாரோ தைத்தது. வேம்புவுக்கு ஏனோ அந்தத் தையல்காரியின் ஞாபகம்தான் வந்தது.

உறையைக் கழற்றி அந்த முதல் புத்தகத்தை நீட்டினாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எங்கே போடுவது என்று தெரியாமல் பக்கங்களைப் புரட்டி, பனியில் நிற்கிறவளின் முழங்கைக்குக் கீழே, எறும்பளவு எழுத்தில் பெயரை எழுதினார். நிமிர்ந்தவர் கண் வேம்புவின் தோளில் நின்றது.

"தப்பா நெனைக்காதீங்க. இந்தப் பஃப் கை மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது. வீட்ல அது போடாது. நான் வரைஞ்சா பலூன் கட்டிவிட்ட மாதிரி இருக்கு."

அவள் அப்படியே திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து, ஓரத்தை விரலால் சுருக்கிப் பிடித்துக் காட்டினாள்.

"சுருக்கம் தோள் மேட்டுல மட்டும் வரணுங்க. அக்குள் பக்கம் கொண்டு போவக் கூடாது. இங்க நெருக்கமா, போகப்போக விட்டுடணும்."

அவர் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். பார்சல் தாளில் பேனாவால் ஒன்று போட்டு, தலையாட்டிவிட்டு, இன்னொன்று போட்டார். அது சரியாக வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து, "கொளஞ்சி, இன்னொரு கட்டு கொண்டா" என்று குரல் வந்தது. வரேம்மா என்று சொல்லிவிட்டுக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் அவள் பெயரைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவர் வரைந்த தாள் தொட்டி ஓரத்து ஈரத்தில் கிடந்தது. எடுக்கலாமா என்று பார்த்தாள். மை கலைந்துவிட்டிருந்தது.

அடுத்த மாதம் புத்தகம் வாங்குவதில்லை என்றுதான் இருந்தாள். நூல்கண்டு வாங்கப் போனபோது கடையில் தொங்கியது. வாங்கி வந்துவிட்டாள்.

மத்தியானம் கரண்ட் இல்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. இந்த மாதக் கதை நீர்மூழ்கிக் கப்பலில் நடந்தது. எல்லாரும் தாடி வைத்த மாலுமிகள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கடலும் இரும்பும் ஆண்களுமாக இருந்தது. ஜாக்கெட் போடுகிறவருக்கு இந்த மாதம் வேலையே இருந்திருக்காது. மூடப் போனபோது ஒரு படத்தில் கண் நின்றது. மாலுமி ஒருவன் படுக்கையில் கிடக்கிறான். அவன் தலைக்குமேல் சுவரில் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு போட்டோ. அதற்குள் ஒரு பெண்.

போட்டோவில் அவளுடைய தோளில் நெருக்கமாகச் சில கோடுகள் இருந்தன. தாள் மட்டமான தாள், மை ஊறியிருந்தது. பஃப் கைச் சுருக்கமா, மைக் கசிவா என்று தெரியவில்லை. வேம்பு ஊசியில் நூல் கோக்கிறவள்போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அக்குள் பக்கம் கோடு இல்லை. இல்லாத மாதிரி இருந்தது. வாசல் வெயில் ஒரு சாண் நகர்ந்து புத்தகத்தை விட்டு இறங்கியது. அவள் ஸ்டூலை வெயில் இருக்கிற பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.