ஓர் அரும்பு குறைவு

கண்டி கொழும்புத் தெருவில் வெள்ளி வேலை செய்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் கோப்பிப் பூவைப் பார்ப்பதற்கென்றே மலையேறிய பைத்தியம் அழகமுத்து பத்தர் ஒருவர்தான். பங்குனியில் ஒரு மழை விழுந்தால் ஹுன்னஸ்கிரியத் தோட்டங்களில் கோப்பி மூன்று நாள் வெள்ளைவெளேரென்று பூத்து நிற்கும். நான்காம் நாள் கருகிக் கொட்டிவிடும். அந்த மூன்று நாளுக்காக மூன்று வருடம் நடந்தார் மனுஷன். "பத்தரே, செடிய கவ்வாத்து வெட்டத் தெரியுமா, கூலியாப் பேர் பதிஞ்சிரலாமா?" என்று கங்காணிமார் கேலி பண்ணினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் வருடம் பூ கைக்கு வந்தது. வெள்ளிக் கம்பியில் ஒரு காம்பு, அதில் நெருக்கமாக ஐந்து பூ, ஒவ்வொரு பூவின் நடுவிலும் கடுகை விடச் சிறிய ஐந்து வெள்ளி உருண்டை. அந்த உருண்டைகளை அவர் அரும்பு என்பார். வெள்ளைக்காரப் பெண்கள் சட்டையில் குத்திக்கொள்ள ஏற்றதாகப் பின்னால் ஓர் ஊசி. சும்மா சொல்லக் கூடாது, மூக்கருகே கொண்டுபோனவர்கள் மணக்கிறதா என்று பார்த்தார்கள்.

ஐந்து பூவில் மூன்றாவதில் மட்டும் நாலே அரும்பு. அது கண்ணூறுக்கு. குறை இல்லாத சாமானில் ஊர்க்கண் விழும் என்று அவர் எதைச் செய்தாலும் ஓரிடத்தை வேண்டுமென்றே மொட்டையாக விடுவார். எங்கே விட்டார் என்பது அவருக்கும் பெண்சாதி வீரம்மாவுக்கும்தான் தெரியும். பூவை வாங்கவந்த தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணி பட்டறையிலேயே கதிரை போட்டு உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "இங்கே ஏன் ஒண்ணு இல்லே?" என்று கேட்டாள். தன் வேலையை ஒருத்தி எண்ணிப் பார்க்கிறாளே என்று பத்தருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

துரைசாணி பூவோடு சீமைக்குக் கப்பலேறினாள். இரண்டு வருடம் கழித்துச் சீமையிலிருந்து ரயிலில் ஒரு பெட்டி கண்டிக்கு வந்தது. ஊரில் வெள்ளைக்காரர்களின் பெரிய கடை ஒன்றில் கண்ணாடிக்குள் வரிசையாக நாற்பது கோப்பிப் பூ.

பத்தர் அதன் பின்னும் செய்துவந்த கோப்பிப் பூக்களை வாங்கி விற்கிற கடைக்காரர் சாஹுல் ஹமீது நாலு மாதம் கழித்து அதில் ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். பூவோடு ஒரு சின்ன அட்டையும் இருந்தது. அதில் இங்கிலீஷில் ஏதோ அச்சடித்திருந்தது. இரண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது.

பத்தர் பூவைத் திருப்பினார். கம்பி இல்லை, பற்றுவைத்த தடம் இல்லை. அச்சில் அடித்த தகடு. மூன்றாம் பூவின் நடுவை எண்ணினார். நாலு. திருடியவன் கண்ணூறைக்கூட விட்டுவைக்கவில்லை.

"ஹமீது நானா, இது என் பூ."

"எனக்கு விளங்குது பத்தர். வாறவங்களுக்கு விளங்கணுமே. ஒங்கட பூவ எடுத்துக் காட்டினா, 'இது அந்தக் கடைச் சாமானப் பார்த்துச் செஞ்சது'ன்டு செல்றாங்க. நாலு மாசமா ஒண்டும் விலை போகல்ல." சாஹுல் ஹமீது நல்ல மனுஷர்தான், ஆனால் யாவாரி. "அந்தத் துரைசாணி திரும்பி வந்தீக்கி. சனிக்கிழமை என்ட கடைக்கு வருவா. இது ஒங்கட கை வேலைன்டு அவ வாயால ஒரு சொல்லுச் செல்லட்டும், ஒங்கட பேரைப் போட்டுக் கடை முகப்பில மாட்டுறேன்."

பத்தருக்கு அது போதும். காசு கிடக்கட்டும், செய்தவன் இவன்தான் என்று ஒரு வாய் சொன்னால் போதும். அன்றே குமுட்டி அடுப்பை மூட்டினார். ஐந்து பூவிலும் ஐந்து அரும்பும் வைத்து, குறையே இல்லாமல் ஒன்று செய்யத் தொடங்கினார்.

வீரம்மா பதறிப்போனாள். "என்ன காரியம் பண்றீங்க? முழுசா செஞ்சா கண்ணூறு படாதா?"

"அச்சு அடிச்சவனுக்குக் கொறைய அடிக்கத் தெரியும், நெரப்பத் தெரியுமா? எங்க வைக்கணும்னு செஞ்சவனுக்குத்தானே தெரியும். அந்தம்மா பார்த்ததும் புரிஞ்சுக்குவாங்க."

சனிக்கிழமை துரைசாணி வந்தாள். பத்தர் சலவை வேட்டியோடு ஓரமாக நின்றார். அவள் பூவை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு நடுவாக எண்ணினாள். எண்ணி முடித்ததும் அவள் சிரித்தாள்.

"நல்ல வேலை. ஆனா சரி இல்லே. அசல்லே ஒண்ணு குறையும். பார்த்துச் செய்றவனுக்கு அது தெரியாது."

"அம்மா, அசலச் செஞ்சதே நான்தான். நீங்க நம்ம பட்டறைக்கு வந்தீங்க. ஏன் ஒண்ணு இல்லேன்னு கேட்டீங்க. கண்ணூறுக்குன்னு சொன்னேன்."

"கண்ணூறு. ஆமா, அதான் இதிலே இருக்கே." அவள் அந்த அட்டையை எடுத்து விரலால் தட்டினாள். "நீ யார்கிட்டேயோ கேட்டிருக்கே. எனக்குச் சொன்னது ஒரு கிழவன். வெள்ளைத் தாடி. இந்த வேலை தெரிஞ்ச கடைசி ஆள். அவன் செத்துப்போனான். இதிலே எழுதியிருக்கு."

பத்தருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. தாடியே வைத்ததில்லை. தன்னையறியாமல் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவள் நினைவில் இருந்த ஆளையே அந்த அட்டை மாற்றிவிட்டிருந்தது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று யாரிடம் போய்ச் சாட்சி கேட்பது?

துரைசாணி பூவை வைத்துவிட்டுக் கிளம்பினாள். சாஹுல் ஹமீது ஓடிப்போய் மறித்தார்.

"கொஞ்சம் நில்லுங்க, துரைசாணி. சரிப்படுத்தித் தாறோம். பத்தர், அந்த ஒண்டக் கழட்டுங்க."

பூவைத் தூக்கித் தெருவில் எறியலாம் என்றுதான் பத்தருக்கு வந்தது. நாலு மாதமாக அணைந்து கிடந்த பட்டறையும் நினைவுக்கு வந்தது. மடியிலிருந்து சிற்றுளியை எடுத்தார். மூன்றாம் பூவின் நடுவில் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். அரும்பு தெறித்து மேசைக்கடியில் விழுந்தது. அவர் குனிந்து தேடி எடுத்தார்.

"இப்ப அசல் மாதிரியே இருக்கு," என்று சொல்லித் துரைசாணி அதை வாங்கிக்கொண்டு போனாள். வெள்ளைக்காரர் கடையின் அச்சுப் பூவுக்கு என்ன விலையோ அதே விலை.

அவள் தலை மறைந்ததும் சாஹுல் ஹமீது மெதுவாகச் சொன்னார். "கோவிக்காதீங்க பத்தர். மாசம் பத்து செஞ்சு தாங்க, நான் வித்துத் தாறேன். ஆனா அசலச் செஞ்சது நீங்கன்டு யாருக்கும் செல்லாதீங்க. செத்து மவுத்தானவர்ட வேலைன்டாத்தான் அவங்களுக்குப் புடிக்குது."

பத்தர் தலையை ஆட்டினார். வெட்கக்கேடு, ஆனால் ஆட்டினார்.

வீட்டில் வீரம்மா வாசலிலேயே நின்றாள். "அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"நான் செத்துட்டேனாம்."

"வாயக் கழுவுங்க மொதல்ல."

அவர் மடியிலிருந்து அந்த ஒற்றை அரும்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "மாசம் பத்துப் பூ வேணுமாம். ஒண்ணுலயும் இது இருக்கக்கூடாது. அட்டையில போட்டிருக்கிறபடி கொறையணும்."

வீரம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். "இது கொறைஞ்சாத்தான் அசல்னா, அப்ப கண்ணூறுக்குன்னு வேற எங்க விடுறது?"

"செத்தவன் மேல யாரு கண்ணு வைக்கப் போறா," என்று சொல்லிவிட்டுப் பத்தர் குமுட்டியில் கரியை அள்ளிப் போட்டார்.