பார்க்கும், தடுக்காது

கிடங்கு லிப்ட் தொப்பென்று இறங்கி நெட்டையின் கால் நசுங்கியதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என் மகள் கணினி முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். நானும் நெட்டையும் மூட்டை தூக்கும் அந்தக் கிடங்குக்கு எடை பதியும் கணினிப் பக்கம் எழுதிக் கொடுத்தது அவள்தான். எடையை அதில் அடித்தால்தான் லிப்ட் கதவு திறக்கும். அளவு மீறினால் திறக்கக் கூடாது.

"அப்பா, நான்தான் கெடுத்துட்டேன்."

"என்னம்மா சொல்ற?"

"சரிபார்க்க இதுல ரெண்டு கட்டளை. ஒண்ணு பேரு 'வேலிடேட்', இன்னொண்ணு 'வேலிடேட் ஆர் ஃபெயில்'. முதலாவது தப்புன்னு சொல்லிட்டு சும்மா இருந்துடும். ரெண்டாவதுதான் தடுக்கும். பக்கத்தை மாத்தி எழுதினப்ப, பேரை நம்பி முதலாவதைப் போட்டுட்டேன்."

"திருடன் வர்றான்னு சொல்லிட்டு கேட்டைத் திறந்துவிடுற வாட்ச்மேன் மாதிரியா?"

அவள் சிரிக்கவில்லை. "பேர் வச்சவனைத் திட்டி என்ன பண்ண? நெட்டை மாமா அளவு பார்க்காம ஏத்தினாருன்னு மேனேஜர் அவர் சீட்டைக் கிழிக்கப் போறாராம். தப்பு என்னுதுன்னு மேனேஜருக்கு நான் எழுதிடறேன்."

அடிக்க ஆரம்பித்தாள்.

லிப்ட் விழுந்த அன்றைக்கு எடை அடித்தது நான். புதுப் பக்கம் வந்த வாரமே அளவுக்கு மேல் அடித்துப் பார்த்திருந்தேன். மூலையில் சிவப்பாக ஏதோ வந்தது, கதவும் திறந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும். ஆனாலும் படித்தேன். 'அளவு அதிகம்' என்றுதான் இருந்தது. இரண்டு நடை ஒரு நடையானதில் இடுப்புக்குச் சுகமாக இருந்தது. "என்னண்ணே, லிப்ட்டுக்குக் கல்யாண வயிறா? எவ்வளவு போட்டாலும் முழுங்குது" என்றான் நெட்டை. "வாயை மூடிட்டுத் தள்ளுடா" என்றேன்.

மகள் 'முழுத் தவறும் என்னுடையது' என்று அடித்தாள்.

"அதை அழிம்மா," என்றேன். "அளவு மீறினாலும் கதவு திறக்குதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

"சிவப்பு எழுத்து வந்திருக்குமே?"

"வந்துச்சு."

"படிச்சீங்களா?"

படிக்கத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கிற காலம் போய்விட்டது. "படிச்சேன்."

அவள் கணினியை என் பக்கம் தள்ளினாள். "நீங்களே அடிங்க."

"நீ எழுதினதுக்குக் கீழயா?"

"மேல."

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.